மறந்தால் மூடு

பகலில் அவருக்கு வேலை வேதியியல் ஆய்வகத்தில். குடுவைகளைக் கழுவுவார், பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவார், "மூக்கைக் கிட்ட கொண்டு போகாதே, அது ரோஜாப்பூ இல்ல" என்று பிள்ளைகளை அதட்டுவார். ஆனால் யாராவது அவரை ஆய்வக உதவியாளர் என்று அறிமுகப்படுத்திவிட்டால் முகம் சுண்டிவிடும். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா நாடகத்துக்குத் திரை இழுப்பவர் அவர். பிள்ளைகள் கிண்டலாகத் 'திரைக்காரர்' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கிய மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

"நடிக்கிறவங்க வருவாங்க, போவாங்க. திறக்கறது யாரு, மூடறது யாரு? அதை யோசிச்சுப் பாருங்க" என்பார். யாரும் யோசித்துப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பதவி அவரைத் தேடி வந்த கதையும் சுவையானதுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அதுவரை திரை இழுத்துக்கொண்டிருந்த விளையாட்டு ஆசிரியருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தலைமையாசிரியை வராந்தாவில் நின்று, "உயரமா, வேலையில்லாம யாரு இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் இவரைக் காட்டினார்கள். உயரம் என்ற பாதி மட்டும் இவர் காதில் விழுந்தது. அன்று பிடித்த கயிறு.

மேடைக்குப் பின்னால் வேலை செய்யும் குழு பெரிய படை ஒன்றும் இல்லை. ராஜாவுக்கும் திருடனுக்கும் ஒரே பட்டுத் துணியை மாற்றி மாற்றிப் போர்த்திவிடும் தையல் டீச்சர் ஒருவர். விளக்கையும் ஒலியையும் பார்த்துக்கொள்ளும் மைக்செட்காரர் ஒருவர். இவர்களுக்குத் தலைவராக, யாரும் நியமிக்காமலே, திரைக்காரர். மேடைக்கு வலது பக்கம், பார்ப்பவர்கள் கண்ணில் படாத ஓர் ஒதுக்கிடம் உண்டு. விங் என்பார்கள். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அங்கேதான் கயிறும் இருந்தது, சுவிட்சுப் பலகையும் இருந்தது, இவருடைய ராஜாங்கமும் இருந்தது.

அந்த ராஜாங்கத்துக்கு ஒரே சட்டம். மறந்தால் மூடு. பிள்ளை வசனத்தை மறந்து விழிக்கிறதா, விளக்கை அணை, திரையை இழு, ஒரு சத்தம் போடு. சத்தம் எதற்கு என்றால், நாடகத்தில் ஏதோ பயங்கரம் நடந்துவிட்டது, அதனால்தான் மூடினார்கள் என்று சபை நம்ப வேண்டும். மைக்செட்காரரிடம் இருந்த ஒரே சத்தம் இடி. ஆகவே அந்தப் பள்ளி நாடகங்களில் கல்யாணத்தில் இடி இடித்தது, அந்தப்புரத்தில் இடித்தது, பாலைவனத்தில் தாகத்தால் சாகிறவன் தலைமேலும் இடித்தது. பெற்றோர்கள் குடையை எடுத்துவர மறந்துவிட்டோமே என்று கூரையைப் பார்த்தார்கள்.

நாடகம் எழுதுபவர் மொழிப்பாட ஆசிரியர். நாடகாசிரியர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவருடைய வசனத்தை மறக்காமல் சொல்லப் பிள்ளைக்கு இரண்டு நுரையீரல் போதாது. அவரே விங்கில் காகிதத்தோடு நின்று வரி எடுத்துக் கொடுப்பார். அவர் கிசுகிசுப்பு கடைசி வரிசை வரை கேட்கும். கேட்டு என்ன செய்ய, வரி பிள்ளைக்குப் புரிந்தால்தானே? எப்படியும் இடியில்தான் போய் முடியும். பள்ளி ஆண்டு மலரில் ஒருமுறை மாணவர் ஒருவர் அவரிடம், "உங்க நாடகங்கள்ல ஏன் சார் இவ்வளவு இடி?" என்று கேட்டு எழுதியிருந்தார். "அது இடியன்று, மனிதனின் மனசாட்சி" என்று பதில் சொல்லியிருந்தார் நாடகாசிரியர். அதைப் படித்துவிட்டு மைக்செட்காரர் இரண்டு நாள் தன் பெட்டியை மரியாதையாகத் தொட்டார்.

திரைக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காப்பாற்றியதைக் கையோடு வைத்துக்கொள்ள மாட்டார். பேருந்தில், முடிதிருத்தும் கடையில், மருத்துவமனை வரிசையில் என்று எங்கே காது கிடைத்தாலும் ஊற்றுவார். "அதோ போறானே, பேங்க் மேனேஜர், அவன் ஆறாவது படிக்கும்போது சேனாதிபதி வேஷம். 'படைகளே' அப்படின்னான். அப்புறம் வாயில விரலை வெச்சுக்கிட்டு நின்னுட்டான். நான் மட்டும் மூடலைன்னா?" மேனேஜர் காதில் விழும்படிதான் சொல்வார். சிம்மாசனத்தில் தூங்கிப்போன ராஜா இப்போது வக்கீல். அரிப்பு தாங்காமல் கிளையை உதறிவிட்டு ஓடிய மரம் இப்போது பல் டாக்டர். இவரைத் தூரத்தில் பார்த்தாலே அவர்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார்கள். பழைய மாணவர்களின் பணிவு என்று இவர் நினைத்துக்கொள்வார்.

பிசகே நடந்ததில்லையா என்றால், நடந்தது. ஓர் ஆண்டு விழாவில் நிர்வாகக் குழுவின் தலைவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். "இந்தப் பள்ளிக்காக நான் செய்த தியாகங்கள்..." என்று சொல்லி நிறுத்தினார். கைதட்டுக்காக நிறுத்தினார். கைதட்டு வரவில்லை. மனிதர் விழித்தார். திரைக்காரர் பார்த்தார், பாவம், தியாகம் எதுவும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டார், இழுத்தார். இடி இடித்தது. சபை அப்போதுதான் கைதட்டியது. அதற்குப் பிறகு இவரை ஒரு வருஷம் உயிரியல் ஆய்வகத்துக்கு மாற்றி, பாட்டிலில் அடைத்த தவளைகளோடு குடும்பம் நடத்த வைத்தார்கள். நிறுத்துவதற்கும் மறப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை அந்தத் தவளைகளாவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

இவருக்கு ஒரே மகள். அதே பள்ளியில் படித்தாள். மேடைக்கு அவள் புதியவள் இல்லை. ஒரு வருஷம் சுவர். இன்னொரு வருஷம் ஊர் மக்களில் மூன்றாமவள், 'ஐயோ' மட்டும் சொல்ல வேண்டும், அதையும் மற்ற இருவரோடு சேர்ந்து. "உங்கப்பாதான் திரைக்காரர், உன்னை ராணியாக்கச் சொல்ல வேண்டியதுதானே" என்று தோழிகள் கேட்பார்கள். கூடவே இடி மாதிரி வாயால் சத்தம் எழுப்பிக் காட்டுவார்கள். அவள் சிரித்துவிட்டுப் போவாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் கொட்டுவாள்.

பள்ளியின் கடைசி வருஷத்தில் அவளுக்கு நிஜமாகவே ராணி வேஷம் கிடைத்தது. அப்பாவால் கிடைத்ததல்ல, குரலால் கிடைத்தது. கதை இதுதான். ராணியின் தம்பி குடித்துவிட்டுத் தானியக் கிடங்கில் விளக்கைத் தட்டிவிடுகிறான். ஊரே பட்டினி. அவனுக்குத் தண்டனை சொல்ல வேண்டியவள் அக்காதான். நாடகாசிரியர் இந்த இடத்தில் அவளுக்கு ஒரு நீண்ட செய்யுள் எழுதி வைத்திருந்தார். 'செங்கோல் சாயுமோ' என்று தொடங்கி, மூச்சு விட இடமில்லாமல் போகும்.

மகள் அவரிடம் போய்க் கேட்டாள். "சார், தண்டனை சொல்றதுக்கு முன்னாடி ராணி கொஞ்சம் பேசாம நிக்கட்டுமா? தம்பியையே பார்த்துக்கிட்டு?"

"பேசாம நின்னா மௌனத்தை எப்படிம்மா மைக்ல போடறது?"

"கொஞ்ச நேரம்தான் சார். கூடப் பிறந்தவன் சார். உடனே எப்படி செய்யுள் வரும்?"

நாடகாசிரியர் நீண்ட நேரம் யோசித்து, தன் செய்யுளின் கௌரவத்துக்குப் பங்கமில்லாமல், ஒரு மூச்சு விடும் நேரம் அனுமதி கொடுத்தார். அவள் அதை இரண்டு மூன்று மூச்சாக நீட்டிக்கொள்வது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். இத்தனை வருஷமும் சுவராக நின்றவள். சொந்தமாக ஒன்றைச் செய்து, அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த மௌனம் அவளுடையது. மற்றதெல்லாம் நாடகாசிரியருடையது.

முதல் ஒத்திகையில் அவள் தம்பியைப் பார்த்தாள், நின்றாள். விளக்கு அணைந்தது, திரை விழுந்தது, இடி இடித்தது.

"அப்பா! நான் மறக்கல! யோசிக்கிறேன்! ராணி யோசிக்கக் கூடாதா?"

"யோசிம்மா, யோசி. எனக்கு எப்படித் தெரியும்?" என்று திறந்துவிட்டார்.

இரண்டாவது ஒத்திகையில் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை. அவள் நின்றதும் கை தானாக இழுத்துவிட்டது, பழக்க தோஷம். கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி வேஷக்காரன் தரையில் உருண்டான். மகள் கிரீடத்தைக் கழற்றித் தையல் டீச்சர் மடியில் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "அந்த ஒரு நாள் மட்டும் வேற யாராவது கயிறு பிடிக்கட்டும்பா."

உயிரியல் ஆய்வகத்துக்கு மாற்றியபோதுகூட அவர் இப்படி அடிபட்டதில்லை. "என்னைக் கயிற்றை விடச் சொல்றியா? என் பொண்ணு மேடை ஏறுற அன்னைக்கு?" என்றார். பிறகு சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். அவர் சாப்பாடு வேண்டாம் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

அவர் மனைவி அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க ஊர்ச் சண்டைகளை ஜன்னல் வழியே கேட்டுக் கேட்டுப் பழகியவர். அவர்தான் இருவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "என்னங்க, அவ கேக்கறது நியாயம்தானே? அவ நின்னா நீங்க மூடிடறீங்க. நீங்க மூடாம இருப்பீங்கன்னா அவ ஏன் வேற ஆள் தேடப் போறா?"

"மூட மாட்டேன்."

"கை?"

"கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்."

"கட்டிக்கிட்டா திறக்கறது யாரு?"

திரைக்காரருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. மகள் பக்கம் திரும்பி, "இங்க பாரு கண்ணு. தண்டனைக் காட்சி தொடங்கினதும் நான் கயிற்றை விட்டுடறேன். நீயா உள்ள வர்ற வரைக்கும் தொட மாட்டேன். நீ எவ்வளவு நேரம் நின்னாலும் சரி, யார் என்ன சொன்னாலும் சரி. இது அப்பா வாக்கு" என்றார்.

"மைக்செட் மாமா?"

"அவன் பெட்டிக்கும் நான் பொறுப்பு."

மகள் நம்பினாள். நம்பியதால்தான் அன்று நன்றாகத் தூங்கினாள்.

விழா நாள் வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. சிறப்பு விருந்தினர் ஒரு காலத்தில் மேடையில் புகழ்பெற்ற நடிகை. முதல் வரிசையில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் நாகரிகமாகப் புதைத்துக்கொண்டிருந்தார். திரைக்காரரின் மனைவி கடைசி வரிசையில். அவருக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன். எதையும் கண்ணால் பார்க்கிற வழக்கம் அந்த மனிதருக்கு இல்லை. எல்லாவற்றையும் ஃபோனை உயர்த்திப் பிடித்து அதற்குள்தான் பார்ப்பார்.

நாடகம் வழக்கம்போல நடந்தது. மந்திரி மறந்தான், இடி. தூதன் மறந்தான், இடி. திரைக்காரரின் கை இரண்டு முறையும் வெண்ணெயில் கத்தி மாதிரி வேலை செய்தது. பிறகு தண்டனைக் காட்சி. தலைமையாசிரியையின் அறையிலிருந்து தூக்கி வந்த நாற்காலிதான் சிம்மாசனம். தம்பி கைகட்டி முன்னால் நின்றான். திரைக்காரர் திரையைத் திறந்தார். கயிற்றைக் கொக்கியில் மாட்டினார். ஓரடி தள்ளி நின்றார்.

ராணி எழுந்தாள். தம்பியைப் பார்த்தாள். நின்றாள்.

திரைக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான், இதைத்தான் சொன்னாள் என் பெண் என்று நெஞ்சு விம்மியது. ஒரு மூச்சு போனது. இரண்டாவது மூச்சும் போனது. அவள் நின்றாள். இன்னும் நின்றாள். மைக்செட்காரர் விரலைப் பெட்டிக்கு மேல் கொண்டுபோய், "அண்ணே, இழுக்கலையா?" என்றார்.

"தொடாதே. எம் பொண்ணு நடிக்கிறா."

"ரொம்ப நேரமாச்சுண்ணே."

"நடிப்புன்னா நேரம் ஆகும்."

நாடகாசிரியருக்குப் பொறுக்கவில்லை. காகிதத்தை விரித்து, "செங்கோல்..." என்று தொடங்கினார். அவ்வளவுதான். திரைக்காரரின் உள்ளங்கை அவர் வாய்மேல் போய் அப்பிக்கொண்டது. குடுவை கழுவிக் கழுவி உரமேறிய கை. நாடகாசிரியர் துள்ளினார். அவருடைய செங்கோல் அந்தக் கைக்குள்ளேயே சாய்ந்தது.

முதல் வரிசையிலிருந்து தலைமையாசிரியை கையை ஆட்டினார், மூடு, மூடு என்று. திரைக்காரர் அவரைப் பார்த்து, எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற மாதிரி தலையசைத்தார்.

அப்போது ராணி மெல்லத் தலையைத் திருப்பி விங் பக்கம் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர். உதடு துடித்தது. அப்பாவைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அடடா, என்ன நடிப்பு, காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், இது நிஜமாகவே பொன்குஞ்சு என்று அவர் பூரித்தார். சந்தேகப்படுகிறாள், அப்பா மூடிவிடுவாரோ என்று பயப்படுகிறாள், பாவம். அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாடகாசிரியரின் வாயை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி மேலே தூக்கிக் காட்டினார். பார், கயிற்றைத் தொடவில்லை. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

மகள் அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்துவிட்டது. பிறகு கிரீடத்தைக் கழற்றினாள். நாற்காலியில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் மறுபக்கமாக நடந்து மேடையை விட்டுப் போய்விட்டாள்.

தம்பி வேஷக்காரன் தனியாக நின்றான். அவனுக்கு இப்படி ஒரு காட்சி சொல்லிக் கொடுக்கப்படவில்லை. தண்டனை உண்டா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை. பயத்தில் நிஜமாகவே அழ ஆரம்பித்தான். அரங்கத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. எங்கிருந்தோ ஒரு கைதட்டு எழுந்தது. அப்புறம் ஒரே இரைச்சல். மகள் உள்ளே போய்விட்டதால் வாக்கு நிறைவேறியது என்று கணக்குப் பண்ணி, திரைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை இழுத்தார். காட்சி முடியுமுன் இடி இல்லாமல் இழுத்தது அதுதான் முதல் தடவை.

சிறப்பு விருந்தினர் மேடையேறியபோது கைக்குட்டை நனைந்திருந்தது. "தீர்ப்பு சொல்ல முடியாம கிரீடத்தை வெச்சிட்டுப் போறா பாருங்க, இப்படி ஒரு முடிவை நான் எந்த மேடையிலயும் பார்த்ததில்லை" என்றார். நாடகாசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "சொற்கள் தோற்கும் இடத்தில் மௌனத்தை எழுதினேன்" என்றார். மீசைக்குக் கீழே ஐந்து விரலும் இன்னும் சிவப்பாகத் தெரிந்தன. தலைமையாசிரியை கேடயத்தை மகள் கையில் கொடுத்து, அடுத்த மாதம் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் இதே நாடகம், இதே மௌனம், ஒரு நொடி கூடாமல் குறையாமல் என்று அறிவித்தார். மகள் கேடயத்தை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அடக்கம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திரைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பழக்கடைக்காரரிடம் சொன்னார், எதிரே வந்த தபால்காரரிடம் சொன்னார், யாரென்றே தெரியாத ஒருவரை நிறுத்திச் சொன்னார். "எல்லாரும் மூடு மூடுன்னாங்க. நான் மூடல. கையை இப்படித் தூக்கிட்டேன்!" நடுத்தெருவில் கையைத் தூக்கியும் காட்டினார். மனைவியும் மகளும் பத்தடி தள்ளியே பின்னால் வந்தார்கள்.

வீட்டில் மனைவி பஞ்சில் எண்ணெய் தொட்டு மகளின் முகப்பூச்சைத் துடைக்க உட்கார்ந்தார். இவர் அறை வாசலில் சாய்ந்துகொண்டு இன்னும் விடவில்லை. "அந்தக் கண்ணீரை எப்படிம்மா வர வெச்ச? சரியா என்னைப் பார்க்கும்போது வந்துச்சே!"

"என்னங்க, போதும்" என்றார் மனைவி.

"என்ன போதும்? நான் மட்டும் வாக்கு மாறியிருந்தா..."

"அவ மறந்துட்டா."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு?"

"நம்ம பொண்ணு. கடைசி வரிசையில உக்காந்திருந்த எனக்கே தெரிஞ்சுது. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். பாதி முகம் ராணியாகவும் பாதி முகம் அவர் மகளாகவும் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டே பேசினாள்.

"யோசிக்கிற மாதிரி நிக்கணும்னுதான் நின்னேன்பா. நின்னதும் நிஜமாவே யோசனை வந்துடுச்சு. அவனைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. அப்புறம் பார்த்தா வசனம் இல்ல. ஒரு வார்த்தைகூட இல்ல. சார் சொல்ல வந்தாரு, நீங்க வாயைப் பொத்துனீங்க."

"நீதானே கண்ணு, மூடவே கூடாதுன்னு..."

"சொன்னேன். அப்புறம் உங்களைப் பார்த்தேனேப்பா. கயிற்றைப் பார்த்தேனே. எல்லாப் பிள்ளைங்களையும் காப்பாத்துற அப்பா, என்னைக் காப்பாத்துவாருன்னு பார்த்தேன். நீங்க கையைத் தூக்கிச் சிரிக்கிறீங்க." அவள் குரல் உடைந்தது. "நீங்க என்னைப் பார்க்கவே இல்ல. நீங்க வாக்கைக் காப்பாத்துறதைத்தான் பார்த்துக்கிட்டு நின்னீங்க."

திரைக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. தெருவில் கையைத் தூக்கிக் காட்டியது ஞாபகம் வந்து காது சுட்டது. அதைவிட, அவள் பார்த்த பார்வை இப்போதுதான் அவருக்கு வந்து சேர்ந்தது. அவள் அங்கே எவ்வளவு தனியாக நின்றிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் இத்தனை பிள்ளைகளின் மானத்தைக் காத்தவன் என்று மார்தட்டியவருக்குச் சொந்தப் பிள்ளையின் கண்ணைப் படிக்கத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் மனைவியின் அண்ணன். ஃபோன் முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். ஃபோனுக்குள் ஏழெட்டு உறவுக்காரர்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் நெருக்கியடித்துக்கொண்டு கையை ஆட்டினார்கள்.

"மாப்ள, எல்லாரும் லைன்ல இருக்காங்க! எங்க நம்ம ராணி? முக்கியமான இடத்துல எனக்கு முன்னாடி ஒரு ஆளு எழுந்து நின்னுட்டான், வெறும் முதுகுதான் பதிவாகியிருக்கு. கண்ணு, மாமாவுக்காக ஒரே ஒரு தடவை. அப்படியே நின்னு, திரும்பிப் பார்த்து, கண்ணுல தண்ணி விடு. அத்தைங்க எல்லாம் பார்க்கட்டும்."

"வேண்டாம் மாமா. களைப்பா இருக்கு."

"அட, நிக்கறதுக்கு என்ன களைப்பு? வசனமா பேசப்போற?" என்று ஃபோனை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனார். "அப்படித்தான், ஆ, அந்தப் பக்கம் எண்ணெயா இருக்கு, இந்தப் பக்கம் திரும்பு. மாப்ள, நீங்க அந்தக் கையைத் தூக்கினதைச் சொல்லுங்க, தெருவே அதைத்தான் பேசுது!"

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

திரைக்காரர் எழுந்தார். மச்சானின் தோளில் கை போட்டார். அன்பாகத்தான் போட்டார், ஆனால் அந்தக் கையில் ஒரு திசை இருந்தது. அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி அவரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். "சாப்பிட்டுட்டுப் போலாம்னு..." என்று மச்சான் தொடங்குவதற்குள் கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் விழுந்தது. திரும்பி வந்து அறை விளக்கையும் அணைத்தார். ஜன்னல் தெருப் பக்கம் இருந்தது. மச்சானை நம்ப முடியாது.

"என்ன மாப்ள, கரண்ட் போயிடுச்சா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஆமா" என்றார், சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல்.

"எங்களுக்கெல்லாம் இருக்கே!"

"எங்களுக்குப் போயிடுச்சு."

மச்சான் ஃபோனுக்குள் இருந்தவர்களிடம் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே நடந்து போகும் சத்தம் கேட்டது. இருட்டில் மனைவி பஞ்சைக் கிண்ணத்தில் போட்டார். கட்டில் பக்கமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. மகள் சிரிக்கிறாள் போலவும் இருந்தது, அழுகிறாள் போலவும் இருந்தது. காலையில் இதே சத்தம் கேட்டிருந்தால் இன்னதுதான் என்று அடித்துச் சொல்லியிருப்பார். இப்போது அவருக்குத் தைரியம் வரவில்லை. தடவித் தடவிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன கண்ணு, சிரிக்கிறியா, அழறியா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியலம்மா. நீயே சொல்லு."